பெரிதாகிக்கொண்டே போகும் பொட்டு

03.03.2025, திங்கள்

காலைப் பால் இருநூற்றுப் பன்னிரண்டு லிட்டர். வீரமணி ஊற்றிய பாலில் தண்ணீர். மெஷினே காட்டிக் கொடுத்துவிட்டது. கேட்டால், "மாடு தண்ணி நெறைய குடிச்சிடுச்சுங்க டெஸ்டரம்மா" என்கிறான். சிரிப்பை அடக்கிக்கொண்டு, மெஷின் காட்டியதையே எழுதினேன். பதினொரு வருஷமாக இந்தச் சொசைட்டியில் பால் டெஸ்ட் பண்ணுகிறேன். என்னிடமேவா?

சாயங்காலம் முகம் கழுவும்போது ஸ்டிக்கர் பொட்டு கையோடு வந்துவிட்டது. கண்ணாடியில் பார்த்தால் நெற்றி நடுவில் ஒரு வெள்ளை. மிளகு அளவு. சோப்பு நுரை என்று துடைத்தேன். போகவில்லை. துண்டை நனைத்துத் தேய்த்தேன். சுற்றிலும் சிவந்துபோனது. அது மட்டும் அப்படியே வெள்ளையாக இருக்கிறது.

ஒன்றுமில்லை. தேமலாக இருக்கும்.

04.03.2025

தேமல் இல்லை.

07.03.2025, வெள்ளி

சொசைட்டியிலிருந்து வந்ததும் போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஏழு வீடியோ. ஒருவர் பி-டுவெல்வ் குறைவு என்கிறார். இன்னொருவர் தாமிரச் சத்து. ஒரு அம்மா துத்தநாகம், அதான் ஜிங்க், என்று அடித்துச் சொல்கிறார். வெயிலே படாததால் விட்டமின் டி குறைவு என்கிறார் ஒருவர். நான் தினமும் வெயிலில்தானே கேன் கழுவுகிறேன்?

வீடியோவோடு நிறுத்தியிருக்கலாம். கீழே ஜனங்கள் எழுதியிருந்ததையும் படித்தேன். 'எங்க அத்தைக்கு ஒரு புள்ளியாத்தான் வந்துச்சு, ரெண்டே வருஷத்துல உடம்பு பூரா பரவிடுச்சு.' அதற்கப்புறம் சோறு இறங்கவில்லை. கை, கால், முதுகு என்று கண்ணாடி முன்னால் நின்று தேடினேன். வேறெங்கும் இல்லை. இன்றைக்கு இல்லை.

09.03.2025, ஞாயிறு

தங்கை அன்பரசியைப் பெண் பார்க்க வந்தார்கள். பாப்பிரெட்டிப்பட்டிக்காரர்கள். மாப்பிள்ளை பெயர் குரு, சொட்டுநீர்க் குழாய் கடை வைத்திருக்கிறார். அமைதியான முகம். அன்பரசிக்கு முப்பது ஆகப்போகிறது. அப்பா இருந்திருந்தால் எப்போதோ முடிந்திருக்கும். ஐந்து வருஷமாக நானும் அம்மாவும் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறோம். இந்த ஜாதகம் ஒன்றுதான் பொருந்தியது. அவளுக்கும் அவரைப் பிடித்திருக்கிறது. காபி கொடுத்துவிட்டு உள்ளே வந்தவள் என் கையைப் பிடித்த பிடியிலேயே தெரிந்தது.

மாப்பிள்ளையின் அம்மா ராணியம்மாள் சுற்றி வளைக்காமல் கேட்டார். "தப்பா நெனச்சுக்காதீங்க. வூட்ல யாருக்காச்சும் சுகரு, மத்த எதுனா நோவு உண்டுங்களா?"

"எங்க வம்சத்துலயே ஒண்ணும் கெடையாதுங்க" என்றார் அம்மா.

நான் தட்டோடு பக்கத்தில் நின்றேன். பொட்டுக்கடியில் வியர்த்தது. நழுவி விழுந்துவிடுமோ என்று அவர்கள் போகும்வரை நெற்றியைக் குனிந்தே வைத்திருந்தேன். அக்காவுக்கு வெண்குஷ்டம் என்றால் தங்கையை எவன் கட்டுவான்? யாரும் நோவின் பேரைச் சரியாகச் சொல்லிக்கொண்டிருக்கப் போவதில்லை. குஷ்டம் என்றுதான் சொல்வார்கள்.

வைகாசியில் நிச்சயம். அதற்குள் இது போக வேண்டும்.

10.03.2025

பொம்மிடியில் கிருஷ்ணப்பன் மெடிக்கல். பி-டுவெல்வ், ஜிங்க், எல்லா விட்டமினும் சேர்ந்த மாத்திரை ஒன்று.

"யாருக்குங்கம்மா?" என்றார்.

"நாத்தனாருக்குங்க."

எனக்கு நாத்தனாரே கிடையாது. வீட்டுக்காரர் ஒரே பிள்ளை.

14.03.2025, வெள்ளி

பஸ் ஸ்டாண்டு பக்கம் சுகுணா நடத்துகிற சத்துமாவு கிளப்புக்குப் போனேன். முகம் பளபளக்க என்று ஒரு டப்பா. உள்ளே பொம்மை மிட்டாய் மாதிரி இருக்கிறது. தினம் இரண்டு மென்று தின்ன வேண்டுமாம். "மூணே மாசத்துல உங்கள உங்களுக்கே அடையாளம் தெரியாதுக்கா" என்றாள். இப்போதே தெரியவில்லையே என்று வாய்வரை வந்தது.

இப்போது நிலவரம்: காலை ஜிங்க். டிபனுக்கு அப்புறம் பி-டுவெல்வ். மத்தியானம் எல்லாம் சேர்ந்தது. சாயங்காலப் பாலுக்கு முன்னால் மிட்டாய். எல்லாவற்றையும் தவிட்டு டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன். இந்த டைரியும் அங்கேதான். மாட்டுத்தீவனக் கம்பெனிக்காரன் கொடுத்தது, அட்டையில் ஒரு ஜெர்சி மாடு என்னைப் பார்த்து முழிக்கிறது.

18.03.2025

சிறுநீர் மஞ்சளாகப் போகிறது. அதுவேறு பயம். அப்புறம் பார்த்தால் மாத்திரையால் அப்படித்தான் போகுமாம்.

ஜிங்க் அதிகமானால் உடம்பிலுள்ள தாமிரம் குறையும் என்கிறார் வீடியோவில் புது டாக்டர் ஒருவர். தாமிரம் குறைந்ததால்தான் வெள்ளை வருகிறது என்றார் பழைய டாக்டர். அப்படியானால் ஒரு வாரமாக நானே காசு கொடுத்து வெள்ளையை வாங்கித் தின்கிறேனா? ஜிங்க்கை நிறுத்தினேன். மத்தியானம் யோசித்து மறுபடி போட்டுக்கொண்டேன். தாமிரச் சொம்பில் தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறேன், அது பாட்டுக்கு அது, இது பாட்டுக்கு இது.

புளிப்பே ஆகாது என்கிறது இன்னொரு வீடியோ. எலுமிச்சை, தயிர், புளி மூன்றையும் விட வேண்டும். புளியை விட்டால் நம் ஊரில் என்ன சமைப்பது?

23.03.2025, ஞாயிறு

வீட்டுக்காரர் மாதேஷ் ஓசூரிலிருந்து வந்தார். அங்கே கம்பெனி வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் வீடு. இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டையே பார்த்தார்.

"நிர்மலா, இது கொழம்பா, மாட்டுக்குக் கரைச்ச தண்ணியா?"

"புளி ஒடம்புக்கு ஆகாதாம்."

"யாரு சொன்னது?"

"எல்லாரும்தான் சொல்றாங்க."

அதற்குமேல் கேட்கவில்லை. நல்ல மனிதர். அவரிடம் சொல்லிவிடலாமா என்று நாளெல்லாம் இருந்தது. சொன்னால் அம்மாவிடம் கேட்பார், அம்மா அன்பரசியிடம் சொல்வார். முன்பெல்லாம் படுக்கும்போது பொட்டை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டிவிடுவேன். இப்போது எடுப்பதே இல்லை. குளித்த கையோடு பழசை உரித்துப் புதுசை ஒட்டிவிடுகிறேன்.

27.03.2025, வியாழன்

மானம் போயிற்று. வெறும் வயிற்றில் ஜிங்க்கைப் போட்டுக்கொண்டு காலைப் பாலுக்குப் போனேன். நாற்பது பேர் வரிசையில் நிற்க, சாம்பிளைக் கையில் எடுத்ததும் குமட்டிக்கொண்டு வந்தது. சாக்கடையோரம் ஓடிப்போய் வாந்தி.

குள்ளம்மாள் முதுகைத் தடவிவிட்டார். மூன்று எருமை வைத்திருக்கிறார், ஊர்ச் செய்தி முழுக்க அவர் பால் கேனோடுதான் போகும். "என்னா டெஸ்டரம்மா, விசேஷமா?"

கல்லூரி விடுதியில் மகளை வைத்துக்கொண்டு, முப்பத்தொன்பது வயதில் விசேஷம்!

28.03.2025

அம்மா போன். "ஏன்டி, குள்ளம்மா சொல்றது நெசமா?"

06.04.2025, ஞாயிறு

ஸ்கேல் வைத்து அளந்தேன். எட்டு மில்லிமீட்டர். மிளகு பட்டாணி ஆகிவிட்டது. போன வாரம் ஆறுதான். மாத்திரை கூடக் கூட இதுவும் கூடுகிறது. இன்னும் எது குறைகிறது என் உடம்பில்?

பழைய பொட்டின் ஓரத்தில் வெள்ளை எட்டிப் பார்க்கிறது. பெரிய சைஸ் அட்டை வாங்கி ஒட்டிக்கொண்டேன். மாதேஷ் பார்த்துவிட்டு, "பெரிய பொட்டு ஒனக்கு எடுப்பா இருக்குது" என்றார். பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

14.04.2025

வருஷப் பிறப்பு. மாங்காய்ப் பச்சடியை எல்லோருக்கும் பரிமாறினேன், நான் வாயில் வைக்கவில்லை. வருஷம் எப்படி இருக்குமோ.

22.04.2025, செவ்வாய்

கிருஷ்ணப்பன் மெடிக்கல். டி சத்துக்கு என்று ஒரு பொடிப் பாக்கெட், பாலில் கலந்து குடிப்பது. சனிக்கிழமைதான் நான்கு வாங்கினேன், இன்றைக்கு இன்னும் நான்கு கேட்டேன். அவர் எடுத்த பாக்கெட்டை மேஜையிலேயே வைத்துக்கொண்டார்.

"நாத்தனாரு தெனமும் குடிக்கறாங்களா?"

"ஆமாங்க."

"அம்மா, அது வாரத்துக்கு ஒண்ணும்மா! தெனம் குடிச்சா ரத்தத்துல கால்சியம் ஏறி கிட்னிக்கு வந்துடும். அன்னிக்கே சொன்னனே?"

சொல்லியிருப்பார். அன்றைக்குப் பின்னால் யாரோ தெரிந்தவர் வந்தார் என்று அவசரமாகக் கிளம்பிவிட்டேன். அவர் என் முகத்தையே பார்த்தார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "நாத்தனார தர்மபுரி பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கம்மா. தோலுக்கு நல்ல டாக்டரம்மா இருக்காங்க. இனிமே இந்தச் சத்து மாத்திரையெல்லாம் சீட்டு இல்லாம உங்களுக்குத் தர மாட்டேன்" என்றார்.

வெண்புள்ளி என்று டாக்டர் வாயால் கேட்டுவிட்டால்? அப்புறம் இல்லை என்று நினைத்துக்கொள்ளக்கூட வழியில்லையே.

02.05.2025, வெள்ளி

பன்னிரண்டு மில்லிமீட்டர். பொட்டுக்கடியில் அரிப்பு வேறு. ஃபேன்சி ஸ்டோரில் இதைவிடப் பெரிய பொட்டு கேட்டேன். அந்தப் பெண் அட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். "இதுக்கு மேல சைஸே இல்லீங்கக்கா. பெருசு வேணும்னா கல் வெச்சது, மயில் போட்டது, டான்ஸு ஆடறவங்க வெக்கறதுதான்."

மயிலை ஒட்டிக்கொண்டு நான் பால் டெஸ்ட் பண்ணவா? நிச்சயத்துக்கு முப்பது நாள் இருக்கிறது. மறைக்க இனிமேல் பொட்டு இல்லை.

05.05.2025, திங்கள்

சொசைட்டிக்கு லீவு. தர்மபுரி.

டாக்டரம்மா சின்னப் பெண். பொட்டை எடுக்கச் சொன்னார். எடுத்தேன். இரண்டு மாதத்தில் இன்னொரு மனிதருக்கு முன்னால் எடுத்தது இதுதான் முதல் தடவை. உதடு, விரல், முட்டி, முதுகு என்று எல்லா இடமும் பார்த்தார். நீல விளக்கு ஒன்றை நெற்றிக்கு நேரே பிடித்துப் பார்த்தார். நான் சாமி பேரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"வேற எங்கயுமே இல்ல. பொட்டு ஒட்டற எடத்துல மட்டும்தான். எப்ப கழட்டுவீங்க?"

"கழட்டறதே இல்லீங்க."

"தூங்கும்போது?"

"இல்லீங்க. யாராச்சும் பாத்துடுவாங்கன்னு..."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அம்மா, அந்தப் பொட்டு பசையாலதான் இது வருது. சிலரு தோலுக்கு ஆகாது, நெறத்தை எடுத்துடும். நீங்க மறைக்கணும்னு பெருசு பெருசா ஒட்டினீங்க, அதுவும் பெருசாயிட்டே வந்திருக்குது."

பையைத் திறந்து மாத்திரை, மிட்டாய், பொடி எல்லாவற்றையும் அவர் மேஜையில் கொட்டினேன். ஒவ்வொன்றாகப் பார்த்து ஓரமாக ஒதுக்கினார். "இதுல எதுவுமே இதுக்கு வேணாம்மா." கண் இமையை இழுத்துப் பார்த்து ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். டி பொடியால் கெடுதல் ஒன்றும் இல்லை, தப்பித்தேன். ரத்தம்தான் கொஞ்சம் குறைவு. இரும்புச்சத்து மாத்திரை மட்டும் எழுதினார், அது ஆஸ்பத்திரியிலேயே சும்மா கொடுக்கிறார்கள். பூச ஒரு களிம்பு.

"ஆறு மாசம் நெத்தியில ஒண்ணும் வெக்காதீங்க. ஸ்டிக்கரு, குங்குமம், ஒண்ணும். நெறம் திரும்பும்னுதான் நெனைக்கறேன். உறுதி சொல்ல மாட்டேன்."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து சிரித்தேன். அப்புறம் அழுகை வந்தது. அப்புறம்தான் உறைத்தது. ஆறு மாதம் என்றால் நிச்சயத்தன்றைக்கும் வெறும் நெற்றி.

06.05.2025

வகிட்டில் மட்டும் குங்குமம் வைத்துக்கொண்டு சொசைட்டிக்குப் போனேன். அதை யார் பார்த்தார்கள்? வரிசை கப்சிப். குள்ளம்மாள் மட்டும் கிட்டே வந்து, "தம்பி ஓசூர்ல நல்லாத்தான இருக்குது?" என்றார்.

ஒன்பது மணிக்கு மாதேஷ் போன். "ஏன் நிர்மலா, காத்தால இருந்து ஊர்லருந்து மூணு பேரு போன் பண்ணி 'எப்படி இருக்க'ன்னு கேக்கறாங்க? நான் நல்லாத்தான இருக்கறேன்?"

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஒரே மூச்சில், நின்றபடியே. அப்புறம், "இதுக்கா ரெண்டு மாசமா புளி போடல?" என்றார். அப்புறம், "எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல" என்றார். சொல்லியிருக்கலாம்தான்.

08.05.2025, வியாழன்

அம்மா வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அம்மா நெற்றியைப் பார்க்கவே மாட்டேன் என்று அடுப்பைப் பார்த்துக்கொண்டு பேசினார். "ஒரு நாளுதான? நிச்சயத்தன்னிக்கு மட்டும் ஒட்டிக்க. கல்யாணத்தன்னிக்கு ஒரு நாளு. ரெண்டு நாள்ல என்னா ஆயிடும்?"

"கல்யாணத்துக்கு அப்புறம் தெரிஞ்சா?"

"தாலி ஏறிட்டா ஆச்சு."

அன்பரசி கதவோரம் நின்றாள். என் பக்கம் பேசுவாள் என்று திரும்பினேன். "ஒரே ஒரு நாளுக்கா" என்றாள், மெதுவாக. ஆனால் அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவள் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

11.05.2025, ஞாயிறு

ஒட்டிக்கொள்வது பெரிய காரியமில்லை. இரண்டு மாதம் ஒட்டியவளுக்கு இரண்டு நாளா? ஆனால் ராணியம்மாள் நேருக்கு நேர் கேட்டார், நாங்கள் இல்லை என்றோம். அப்புறம் தெரிந்தால் அன்பரசியைத்தான் அந்த வீட்டில் நாளெல்லாம் குத்திக்காட்டுவார்கள். வீரமணி தண்ணீர் கலந்தால் முகத்துக்கு நேரே எழுதுகிறேன். நான் என்ன ஊற்றிக்கொண்டிருக்கிறேன்?

யாரிடமும் கேட்காமல் போன் போட்டேன். "நிர்மலா பேசறங்க, அன்பரசி அக்கா. நெத்தியில எனக்கு வெள்ளையா ஒரு தழும்பு வந்திருக்குதுங்க. ஸ்டிக்கர் பொட்டாலங்கறாங்க டாக்டரு. பரவற நோவு இல்லீங்களாம். உங்களுக்குத் தெரியணும்னு சொல்றங்க."



"சரிங்க" என்றார். வைத்துவிட்டார்.

12.05.2025

போன் வரவில்லை.

13.05.2025

வரவில்லை. அம்மா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

14.05.2025

அன்பரசி சாப்பிடவில்லையாம். வைகாசி பிறப்பது நாளைக்கு. நான் செய்தது சரியா? சரியோ தப்போ, கெடுத்தது நான். என் வாயால் நானே கெடுத்தேன். ஒரு பொட்டு ஒட்டிக்கிட்டு சும்மா இருந்திருக்கக் கூடாதா? யாரு கேட்டா உன்ன?

16.05.2025, வெள்ளி

காலைப் பால் முடிகிற நேரம். கேன்களை வேனில் ஏற்றிக்கொண்டிருக்கிறோம். முதல் பஸ்ஸில் வந்து ராணியம்மாள் இறங்குகிறார். தனியாக. ஜாதகத்தைத் திருப்பிக் கொடுக்கத்தான் நேரில் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

கிட்டே வந்தார். நெற்றியை உற்றுப் பார்த்தார். விரலை நீட்டித் தொட்டே பார்த்தார்.

"அந்த டாக்டரம்மா எந்தக் கெழமையில இருப்பாங்க?"

எனக்கு எதுவும் புரியவில்லை. சொசைட்டி பெஞ்சில் உட்கார்ந்ததும் அந்தம்மாவுக்கு உடைந்துவிட்டது. மாப்பிள்ளைக்கு ஒரு அக்கா. மலர்விழி. பெண் பார்க்க அவள் வரவில்லை. திருப்பூரில் வேலை, லீவு இல்லை என்றார்கள். திருப்பூரும் இல்லை, வேலையும் இல்லை. அரூரில் கட்டிக்கொடுத்து, நெற்றியில் வெள்ளை வந்ததென்று மூன்று வருஷத்துக்கு முன்னால் மாமியார் வீட்டார் பிறந்த வீட்டுக்கே கொண்டுவந்து விட்டுவிட்டார்களாம்.

"சித்தேரி மலையில வேர் அரைச்சுக் குடுத்தோம். எந்த ஊர்ல எந்த மாத்திர சொன்னாலும் வாங்கியாந்தோம். பொண்ணு பாக்க வரப்ப அவள வூட்லயே வுட்டுப் பூட்டிட்டு வந்தங்க. தெரிஞ்சா நீங்க வேணாம்னுடுவீங்கன்னு. நீங்க போன் பண்ணுனீங்களே, அன்னிக்கு எனக்கு வாயே எழும்பல."

"அவ நெத்தியில மட்டுந்தானுங்களா?"

"நெத்தியில மட்டுந்தான். பெரிய பொட்டா ஒட்டியே வெச்சிருக்கறா. நான்தான் கழட்டாதடின்னு சொல்லியிருக்கறேன்."

அந்தம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

19.05.2025, திங்கள்

மலர்விழியை நானே தர்மபுரிக்குக் கூட்டிப்போனேன். முப்பத்து நான்கு வயது. பஸ்ஸில் முந்தானையை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தாள். அவளுக்கும் அதேதான் என்றார் டாக்டரம்மா. ஆனால் வருஷக்கணக்கில் ஆகிவிட்டதால் நிறம் முழுதாகத் திரும்பும் என்று சொல்ல முடியாதாம். பரவாது, அது உறுதி.

அவள் அழவில்லை. உரித்த பொட்டை எங்கே போடுவதென்று தெரியாமல் பஸ் டிக்கெட்டில் மடித்துக் கையிலேயே வைத்திருந்தாள். பஸ் ஸ்டாண்டில் டீ வாங்கிக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டுக் கேட்டாள்.

"இதுக்காங்கக்கா என்னைக் கொண்டாந்து வுட்டாங்க?"

01.06.2025, ஞாயிறு

நிச்சயம் நடந்தது. எங்கள் வீட்டு முன்னால் பந்தல். மாதேஷ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாயசம் ஊற்றினார். மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் ஒரு பெரியம்மா என்னைக் காட்டி, "பாவம், இந்தப் பொண்ணுக்கு வூட்டுக்காரரு இல்லீங்களா?" என்று அவரிடமே கேட்டிருக்கிறார். "இருக்கறாருங்க, ஒங்க எலைக்குத்தான் பாயசம் ஊத்தறாரு" என்றாராம். பந்தி முழுக்கச் சிரிப்பு.

பார்த்தவர்கள் பார்த்தார்கள். குசுகுசு இருந்தது. அம்மா கடைசிவரை என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் தட்டு மாற்றும் நேரம் வந்ததும் அன்பரசி எல்லோர் முன்னாலும், "எங்கக்கா வரட்டும்" என்று நின்றுவிட்டாள். தட்டை நான்தான் கொடுத்தேன். ராணியம்மாள் வாங்கினார். அவர் பக்கத்தில் மலர்விழி, மாம்பழக் கலர் புடவையில், வெறும் நெற்றியில் என்னுடையதைவிடப் பெரிய வெள்ளையோடு.

போட்டோக்காரர் இரண்டு குடும்பத்தையும் நிறுத்தினார். கேமராவில் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார். "ரெண்டு அக்காவுக்கும் பொட்டு இல்லீங்களே. பரவால்ல, கம்ப்யூட்டர்ல நான் வெச்சுக் குடுத்துடறேன். இப்பத்திக்கு அந்த மஞ்ச சேலை அக்கா மட்டும் கொஞ்சம் பின்னால போய்க்கங்க."

நான் வாயைத் திறப்பதற்குள், "நீங்க ஒண்ணும் வெக்க வேணாம், எடுங்க" என்றாள் மலர்விழி. பின்னால் போகவில்லை. ஒரு அடி முன்னால் வந்து அன்பரசிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள்.